ஊசித்தட்டானின் வால் நுனி

ஐப்பசி 9, புதன்

பேத்தி சேர்த்துவிட்ட, தட்டான் பார்ப்பவர்களின் வாட்ஸ்அப் குழுவில் நேற்று ஓர் ஊசித்தட்டான் படம் போட்டு, நம் குளத்துக்கு இது புதுசு என்று எழுதினேன். குழுவை நடத்தும் போத்தனூர்த் தம்பி, "வால் நுனி தெரியோணுங்கம்மா, இல்லாட்டி பேரு சொல்ல முடியாதுங்க" என்றான். ஐந்தாவது படித்தவள் சொன்னால் ஏற்க மாட்டார்கள் போல.

இன்று போய்க் குளத்துக் கரையில் குப்புறப் படுத்தேன். போனை நீட்டுவதற்குள் ஆடு மேய்க்கிற பெண் ஒருத்தி ஓடி வந்தாள்.

"ஏனுங்கம்மா, உழுந்துபோட்டீங்களா?"

"தட்டானைப் படம் புடிக்கறேன் கண்ணு, கத்தாத."

அதற்குள் அது பறந்துவிட்டது. அவள் சிரித்தாள்.

"உங்க முதுகு மேலதானுங்க உக்காந்திருக்குது."

முதுகை அசைக்காமல் போனை அவளிடம் கொடுத்து, தொட வேண்டிய இடத்தைக் காட்டினேன். ஒரே படம்தான் எடுத்தாள். வால் நுனி தெளிவாக விழுந்திருந்தது.

அதைக் குழுவில் போட்டேன். "நீங்க சொன்னது சரிங்கம்மா, புதுசுதானுங்க. படம் அருமைங்க" என்று தம்பி எழுதினான். எல்லோரும் கைதட்டினார்கள். நானும் நன்றி என்று போட்டுவிட்டேன்.

படத்தில் தட்டானுக்குக் கீழே என் சேலைப் பூ இருக்கிறது. என் முதுகை நானே எப்படி எடுத்தேன் என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்டால் அவள் பெயரைச் சொல்லிவிடலாம். அதைத்தான் நான் அவளிடம் கேட்டு வைக்கவில்லை.