தர்மினி சொன்னால் சரி

2004 ஜனவரி 12, திங்கள்

தோசை சுட்டுக்கொண்டு நின்றேன். அம்மா ஓடிவந்து என் கையைத் தட்டிவிட்டார். "கல்லிலை விரல் கிடக்கு, தெரியேல்லையோடி உனக்கு?"

வலது கை நடுவிரலில் கொப்புளம். வலியே இல்லை. ஏதோ யோசனை என்று சமாளித்தேன். யோசனை இல்லாமலும் இல்லை. தேசிய கேர்லிங் போட்டிக்கு ஆறு கிழமைகூட இல்லை. வென்றால் வெளிநாட்டில் நோர்வேக்காக விளையாடலாம். பதினாறு வயதிலிருந்து பன்னிரண்டு வருடமாக இதற்காகத்தானே ஐசில் நிற்கிறேன்.

ஜனவரி 13

இன்று இரண்டு விரலில் உணர்வில்லை.

ஜனவரி 19

நான் வேலை செய்யும் பார்ணஹாகேயில், பாலர் பள்ளியில், பிள்ளைகளை வெளியே விளையாட விடும் நேரம். பனி உடுப்பின் சிப்பை என்னால் பிடிக்க முடியவில்லை. மூன்றாவது பிள்ளையிலிருந்து இடது கையால் இழுத்தேன். "உன்ரை கை நித்திரையோ?" என்று ஒரு நாலு வயதுக்காரி கேட்டாள். ஓம் என்றேன். பிறகு கழிவறைக்குள் போய்க் கையைச் சுவரில் அடித்துப் பார்த்தேன். விசரி மாதிரி. சத்தம் மட்டும் கேட்டது.

ஜனவரி 25, ஞாயிறு

கோயிலில் சோதிலிங்கம் மாமா பிடித்துக்கொண்டார். "பிள்ளை, உந்தக் கல்லுருட்டுறதை ரீவியிலை காட்டுவாங்களோ?"

நான் வாய் திறக்க முதல் அம்மா: "வீட்டிலை தும்புத்தடி தொடமாட்டாள். அங்கை போய் ஐசைக் கூட்டிக் குடுக்கிறாள்." எல்லாரும் சிரித்தார்கள். என் படத்தைக் குளிர்பெட்டியில் ஒட்டி வைத்திருப்பதும் அதே அம்மாதான்.

மாமாவுக்கு விளக்கினேன். இருபது கிலோக் கல்லை ஒருத்தி ஐசில் வழுக்கி விடுவாள். அதற்கு முன்னால் நானும் எங்கள் அணியின் மார்த்தேயும் ஐசைப் பிரஷால் தேய்த்துக்கொண்டு ஓடுவோம். பிரஷ் கல்லில் பட்டால் பிழை. பட்டவளே அந்த இடத்தில் கை தூக்கிச் சொல்லவேண்டும்.

"சொல்லாட்டி?"

"சொல்லுவம் மாமா."

"நல்ல கதை! எங்கடை ஆக்களெண்டால் கற்பூரத்திலை அடிச்சுச் சத்தியம் பண்ணுவாங்கள், படேல்லை எண்டு."

பத்தொன்பது வயதில், இளையோர் இறுதிப் போட்டியில், ஒருவரும் காணாத தொடுகையைக் கை தூக்கிச் சொன்னேன். பதக்கம் போனது. அன்றிலிருந்து எங்கள் ஐஸ் மண்டபத்தில் ஒரு பேச்சு உண்டு: தர்மினி சொன்னால் சரி. என்னிடம் இருக்கிற பெரிய பதக்கம் அதுதான்.

பெப்ரவரி 3

டொக்டர் கண்ணை மூடச் சொல்லி விரல்களில் ஊசியால் குத்தினார். எண்ணச் சொன்னார். மூன்று என்றேன். ஒன்பது தரம் குத்தினாராம்.

விரல் நரம்பு கழுத்திலிருந்து வருகிறதாம், அதனால் கழுத்து ஸ்கான், பெப்ரவரி 20. போட்டி தொடங்குவதும் அன்றுதான். "இதைத் தள்ளிப்போடக் கூடாது," என்றார்.

பெப்ரவரி 4

தள்ளிப்போட்டேன். மார்ச் 15.

பெப்ரவரி 10

எங்கள் கப்டன் இங்வில் கேட்டாள்: "பயிற்சியிலை உன்ரை பிரஷ் நழுவினது. கையிலை ஏதும் பிரச்சினையோ?"

கையுறை ஈரம் என்றேன். அவள் நம்பிவிட்டாள். நான்தானே சொன்னேன்.

பெப்ரவரி 22, ஞாயிறு

வென்றுவிட்டோம்.

கடைசிக் கல். வட்டத்தின் நடுவுக்குப் போனால் வெற்றி எங்களுக்கு, முன்னாலேயே நின்றுவிட்டால் அவர்களுக்கு. இங்வில் தொண்டை கிழியக் கத்தினாள். நானும் மார்த்தேயும் உயிரைக் கொடுத்துத் தேய்த்தோம். கல் போய்ச் சேர்ந்தது. எதிரணிக் கப்டன் சிக்ரிட் என்னைப் பார்த்தாள். "பட்டதோ?"

"இல்லை."

பட்டால் பிரஷ் தடி வழியாகக் கையில் ஒரு தட்டு வரும். வரவில்லை. சிக்ரிட் மறுபேச்சில்லாமல் கை கொடுத்தாள். வென்றவர்கள் தோற்றவர்களுக்கு வாங்கிக் கொடுப்பது வழக்கம். அவளுக்குக் கோப்பி நான்தான் வாங்கினேன். "உன்னட்டைப் போய்க் கேட்டிட்டன், குறை நினைக்காதை," என்றாள்.

அம்மா இதற்குள் பேர்கன் நகரத்து மாமி வரைக்கும் ஃபோன் அடித்தாயிற்று.

தட்டு வரவில்லைதான். ஆனால் தடியின் கீழ்ப்பிடி வலது கையில் அல்லவா இருந்தது!

பெப்ரவரி 23

குரோருட் ஸ்டேஷனில் மார்த்தே காத்து நின்றாள். "பட்டது, தர்மினி. கல் ஒரு பக்கம் விலகினதை நான் கண்டனான். நீ சொல்லுவாய் எண்டு பார்த்துக்கொண்டு நிண்டனான். ஏன் சொல்லேல்லை?"

அவள் அழுதுகொண்டே போய்விட்டாள்.

பட்டது தெரிந்தும் மறைத்தேன் என்றால் கள்ளி. தெரியவில்லை என்றால் கை போனவள். கள்ளிக்கும் அணியில் இடமில்லை, கை போனவளுக்கும் இல்லை. வாயை மூடிக்கொண்டிருந்தால்? மார்த்தே காட்டிக் கொடுக்கமாட்டாள். அணியோடு போகலாம்.

போகலாமோ? அடுத்த கல்லிலும் பட்டால்? அதுவும் தெரியாதே, பேய்ச்சி!

பெப்ரவரி 26

சிக்ரிட்டையும் எங்கள் அணியையும் மண்டபத்துக்குக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். கொப்புளம், ஊசி, ஸ்கான், கல். சிக்ரிட், கை கொடுத்த பிறகு முடிவு முடிவுதான் என்றாள்.

இங்வில் விடவில்லை. "கல்லை விடு. அண்டைக்கு இளையோர் போட்டியிலை ஒரு நொடியிலை கை தூக்கினனி. இப்ப ஆறு கிழமையா எங்களட்டை ஏன் மறைச்சனி?"

ஆசை. வேறென்ன!

பெப்ரவரி 28

எங்கள் அணி விலகுகிறது என்று இங்வில் கேர்லிங் சங்கத்துக்கு எழுதிவிட்டாள். வெளிநாட்டுக்குப் போவது சிக்ரிட் அணி. எங்கள் நாலு பேருடைய பன்னிரண்டு வருடம். மார்த்தே ஃபோன் எடுக்கிறாள் இல்லை.

அம்மா குளிர்பெட்டியிலிருந்து படத்தைக் கழற்றவில்லை. திட்டவும் இல்லை. திட்டினால் நல்லாயிருக்கும்.

மார்ச் 15

ஸ்கான் முடிந்தது. படத்தைப் பார்த்த டொக்டர் இன்னொரு டொக்டரைக் கூட்டிவரப் போனார். போய் நாற்பது நிமிடம். கொப்பியை மடியில் வைத்து இடது கையால் எழுதுகிறேன், எழுத்தெல்லாம் கோணல்.

"பயமாக் கிடக்கோ?" என்று அம்மா கேட்டார்.

"இல்லையம்மா."

"உண்மையைச் சொல்லு."

"ஓம். பயமாக் கிடக்கு."

நான் குனிந்து பார்த்தேன். அம்மா என் வலது கையைத் தன் இரண்டு கைகளுக்குள்ளும் வைத்து இறுக்கிப் பிடித்துக்கொண்டிருக்கிறார். எப்போதிருந்து என்று தெரியவில்லை.