சந்தனத்துக்கு அடியில்

நாள் 211. இரவு 10:50. காற்று: 100%

இதை யார் எடுத்தாலும் படிக்கலாம். என் பெயர் சௌந்தரி, ஒன்பதாம் வகுப்பு. நிலவில் உள்ள இந்தக் கூடத்தில் மூன்று பேர் இருக்கிறோம்: அப்பா கதிரேசன், அவருடன் வேலை பார்க்கும் ரஹமத் மாமா, நான். இருவரும் தூங்கியபின், வேதியியல் நோட்டின் பின்பக்கத்தில் எழுதுகிறேன்.

இன்று ஆயுத பூஜை. எல்லாக் கருவிகளுக்கும் ஒரு நிமிடம் ஓய்வு கொடுத்தோம். நான்தான் சந்தனம் வைத்தேன். கட்டுப்பாட்டுப் பலகையின் குட்டி விளக்குகளையும் விடவில்லை. மாமா, "பொரிக்காகத்தான்மா நான் உங்க பூஜைக்கே வர்றேன்" என்றார்.

கூடத்தின் சுவரும் கூரையுமாக இருக்கும் படலத்துக்கு மின்சாரம் தரும் கருவியை மட்டும் அப்பா அணைக்க விடவில்லை. அந்தப் படலத்தின் மூலக்கூறு ஒவ்வொன்றுக்கும் ஒரு முனை நேர், மறுமுனை எதிர். மின்சாரம் இருந்தால் எல்லாம் ஒரே பக்கம் பார்த்து நிற்கும், காற்றை வெளியே விடாது. "உங்க ஸ்கூல் பிரேயர் வரிசைதான்டி. வாத்தியார் இருக்கிறவரைக்கும்தான் ஒழுங்கு" என்றார்.

அதற்கு மட்டும் பொட்டு இல்லாதது பாவமாக இருந்தது. அவர்கள் போனபின் வைத்தேன். சந்தனம் வழிந்து இரண்டு கம்பிகளிலும் அப்பிவிட்டது. கழற்றி, முனைகளை மட்டும் துடைத்துச் செருகினேன். மூன்று நொடிதான். பச்சை விளக்கு எரிந்தது.

நாள் 212. இரவு 11:20. காற்று: 91

காற்று குறைகிறது. பகல் முழுக்க ஓட்டை தேடினார்கள். "யாராச்சும் எதையாச்சும் தொட்டீங்களா?" என்று அப்பா கேட்டார். மாமா இல்லை என்றார். நானும் இல்லை என்றேன்.

நாள் 213. இரவு 11:50. காற்று: 76

டார்ச்சோடு போய்க் கம்பிகளில் காய்ந்திருந்த சந்தனத்தைச் சுரண்டினேன். சிவப்புக் கம்பி கறுப்புத் துளையில் இருக்கிறது.

மூலக்கூறுகள் ஒவ்வொன்றாகத் தலைகீழாகத் திரும்புகின்றன. சுவரே காற்றை வெளியே விடுகிறது. மாற்றிச் செருகினால் என்ன ஆகுமோ என்று தொடாமல் வந்துவிட்டேன். காலையில் சொல்லிவிடுவேன்.

நாள் 214. இரவு 9:40. காற்று: 62

சொல்லவில்லை. மாமா மயங்கிக் கிடக்கிறார். அப்பா இடுப்புக் கயிற்றைச் சுவரில் மாட்டிக்கொண்டு, வெளியே கூரைமேல் ஓட்டை தேடுகிறார். ஓட்டையே இல்லை.

10:02. காற்று: 61

வானொலியில் அப்பாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அப்பா சொன்னார்:

"அழாத. கம்பிய மாத்திச் செருகு. சுவரு ஒரு தடவ துள்ளும், அவ்ளோதான்."

"நீங்க மேல இருக்கீங்களேப்பா? தூக்கி அடிச்சிருமே?"

"கயித்த அவுத்து எறங்கிட்டேன்."

"நெசமாவா?"

"எறங்கிட்டேன்னு சொல்றேன்ல? மாமாவப் பாரு, மூச்சு வாங்குது. மாத்து சாமி."

மாற்றினேன். சுவர் ஒரு முறை துள்ளியது.

10:31. காற்று: 66

சேமிப்புத் தொட்டியிலிருந்து காற்று ஏறுகிறது. மாமா கண் விழித்து, "கதிரேசன் எங்கம்மா?" என்றார். வானொலியில் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறேன்.

10:44. காற்று: 71

அப்பாவின் இடுப்புக் கயிறு சுவரில் மாட்டியிருந்தால் பலகையில் ஒரு சிவப்பு விளக்கு எரியும். கம்பியை மாற்றும் முன் பார்த்தபோது அது எரியவில்லை என்றுதான் நினைத்தேன். அதன்மேலும் என் சந்தனம் தடிப்பாகக் காய்ந்திருந்தது.

இப்போதுதான் சுரண்டினேன்.

எரிகிறது.