கை நனைக்காமல் போனவர்

ஜனவரி 20, செவ்வாய்

பனி. பஸ் ஜன்னலில் வயலே தெரியவில்லை. வலங்கைமான் வந்து இறங்கிய பிறகுதான் கொஞ்சம் வெயில்.

மில்லில் சம்பா நெல் வரத்து. வாசல் வரை டிராக்டர். எல்லாம் பச்சை ஈரம். ஈரம் பார்க்கிற மீட்டரைக் காட்டினால் நம்புவதில்லை. ஒருவர், "ஜுரம் உங்க மிஷினுக்கும்மா, என் நெல்லுக்கு இல்ல" என்றார். சிரிப்பு வந்துவிட்டது. ஆனாலும் களத்தில் ஒரு நாள் காயப்போட்டு எடுத்து வரச் சொல்லித் திருப்பி அனுப்பினேன்.

வாங்க வேண்டியவை: அப்பாவுக்கு முட்டிவலித் தைலம். சாம்பிள் கவர். செருப்புக்கு வார்.

வீட்டுக்கு வந்தால் அத்தை. கையில் போன், போனில் ஒரு போட்டோ. அப்பாவுக்கு அக்கா என்பதால் அவளை யாரும் எதிர்த்துப் பேசுவதில்லை. பையன் பட்டுக்கோட்டைப் பக்கம். தென்னந்தோப்பு உண்டு. போலந்தில் ஏதோ குடோனில் சூப்பர்வைசர். வயது முப்பத்தைந்து. பெயர் இளங்கோ.

"முப்பத்தொண்ணு ஆச்சுடி தேனு. இனிமே நமக்கு வந்து வாய்க்கிறதுதான் மாப்பிள்ளை."

நன்றி அத்தை.

ஜனவரி 21, புதன்

மில்லில் சொல்லியிருக்கக் கூடாது. அக்கவுண்ட்ஸ் சார் டிபன் பாக்ஸை மூடாமலே ஆரம்பித்துவிட்டார். "போலந்தா? வெளிநாட்டுல இருக்கிறவனுக்கெல்லாம் அங்க ஒண்ணு இருக்கும்மா. வெள்ளைக்காரி. சமைச்சுப் போட, துணைக்கு. இங்க வந்து தாலி கட்டிட்டு மறுபடி அங்க போய்டுவான்." எல்லோரும் சிரித்தார்கள். அவர் கும்பகோணம் தாண்டிப் போனதே ஒரு தடவை திருப்பதிக்கு.

பஸ்ஸில் பின் சீட்டுப் பெண்கள் வேறு ஏதோ பேசிக்கொண்டு வந்தார்கள். எனக்கு அதுவும் வெள்ளைக்காரிப் பேச்சாகவே கேட்டது. இந்த மாதிரி ஒரு பேச்சு காதில் விழுந்துவிட்டால் அப்புறம் ஊரெல்லாம் அதையே பேசுகிறது.

இனி இந்த டைரியில் அவர் போ.மா. போலந்து மாப்பிள்ளை. பெயர் எழுதினால் ஒட்டிக்கொள்ளும்.

ஜனவரி 23, வெள்ளி

வெயில் நன்றாக. களத்தில் நெல் காய்ந்தது. தலைவலி.

அம்மா சமையலறையில் மெதுவாகக் கேட்டாள், "இப்படியெல்லாம் சொல்றாங்களே அண்ணி, விசாரிச்சீங்களா?" அத்தை தேங்காய் துருவுவதை நிறுத்தவே இல்லை. "எதை விசாரிக்கிறது? ஆம்பளை இத்தனை வருஷம் தனியா இருக்கான். இருந்தாத்தான் என்ன? தாலி கட்டினா எல்லாம் சரியாப் போயிடும்."

அதாவது, இருந்தாலும் குற்றமில்லை. நான் கேட்டால்தான் குற்றம்.

ஜனவரி 25, ஞாயிறு

வந்து பார்த்துவிட்டுப் போய்விட்டார்கள். வாழைக்காய் பஜ்ஜி, கேசரி, காபி. பலகாரம் கணக்கில் சேராது. இரண்டு பக்கமும் சம்மதம் ஆன பிறகுதான் பெண் வீட்டில் சோறு. அதுவரை கை நனைக்கமாட்டார்கள். அவருடைய அம்மா காபிகூடப் பாதிதான் குடித்தார். ஒடிந்து விழுவது போல இருக்கிறார்.

போட்டோவில் இருந்த முடி நேரில் இல்லை. நல்லது, போட்டோவில் கொஞ்சம் அல்டாப்பாக இருந்தார்.

கொல்லையில் பேசச் சொன்னார்கள். அத்தை கிணற்றடியில் பாத்திரம் தேய்ப்பது போல ஒரு காதை எங்கள் பக்கம் வைத்திருந்தாள். நான் சேலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் கேட்டது இதுதான்: "மழையில நனைஞ்ச நெல்லை என்னங்க பண்ணுவீங்க?" பெண் பார்க்க வந்து யாராவது இதைக் கேட்பார்களா? இதற்கு முன் வந்தவர்கள் என் சம்பளத்தையும் சமையலையும்தான் கேட்டார்கள். நான் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டே போனேன். அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். அங்கே பனிக்காலத்தில் நாலு மணிக்கே இருட்டிவிடுமாம். உருளைக்கிழங்கு தின்று அலுத்துவிட்டதாம். சிரிக்கும்போது தலையைக் குனிந்துகொள்கிறார்.

நடுவில் போன் அடித்தது. பார்த்தார், எடுக்கவில்லை. மறுபடியும் அடித்தது. சத்தத்தை அமர்த்திப் பைக்குள் போட்டுக்கொண்டார். முகம் வாடியது.

கேட்கலாம் என்று வாய் வரை வந்தது. கேட்கவில்லை.

பிடித்திருக்கிறது. எழுதிவிட்டேன். யாரும் பார்க்கப்போவதில்லை.

ஜனவரி 26, திங்கள்

மில் லீவு. துணி துவைத்தேன். தலைக்குக் குளித்தேன்.

அவர்கள் பக்கம் சம்மதம். இங்கேயும் சரி என்று அப்பா சொல்லிவிட்டார். வெள்ளிக்கிழமை ராகு காலம் முடிந்ததும் வந்து, சாப்பிட்டு, எனக்குப் பூ வைத்துவிட்டுப் போவதாக முடிவு. அப்பா வாழையிலைக்குச் சொல்லி வைத்தார். குரலே மாறிப்போயிருந்தது. இத்தனை நாள் இவருக்கு இது எவ்வளவு பாரமாக இருந்திருக்கிறது!

அம்மா என் தலையைத் துவட்டிவிட்டாள். சின்னப் பிள்ளையில் செய்தது.

இளங்கோ. இளங்கோ. ஒட்டினால் ஒட்டட்டும்.

ஜனவரி 27, செவ்வாய்

மத்தியானம் போனில் கூப்பிட்டார். களத்துப் பக்கம் போய் நின்று பேசினேன். வெயில் மண்டையைப் பிளந்தது. என்ன கலர் சேலை பிடிக்கும் என்று கேட்டார், வெள்ளிக்கிழமைக்கு அவர் அம்மா எடுத்து வருகிறார்களாம். மாம்பழ மஞ்சள் என்றேன்.

அப்புறம் கேட்டே விட்டேன். "ஊர்ல ஒண்ணு பேசுறாங்க. சும்மா கேக்கறேன். தப்பா எடுத்துக்காதீங்க. அங்க யாராவது இருக்காங்களா?"

இல்லை என்று சொல்லியிருந்தால் நம்பியிருப்பேன். நம்பத் தயாராகத்தான் கேட்டேன்.

அந்தப் பக்கம் கதவைச் சாத்துகிற சத்தம். பிறகு, "இருக்காங்க" என்றார். "மார்த்தான்னு பேரு. பேக்கரியில வேலை பாக்கறாங்க."

மார்த்தா. தரங்கம்பாடிப் பக்கம் தெருவுக்கு ஒரு மார்த்தா இருப்பாள். ஏதோ வாயில் நுழையாத பெயராக இருக்கும் என்று நினைத்திருந்தேன்.

நாலு வருஷமாக ஒரே வீட்டில் இருக்கிறார்களாம். அம்மாவிடம் போன வருஷம் சொன்னாராம். அம்மா சாப்பாட்டை நிறுத்திவிட்டாராம். சொந்தக்காரர்கள் ஒவ்வொருவராகப் போன் போட்டு, "பெத்தவளைக் கொல்லப் போறியா" என்று கேட்டார்களாம். பொண்ணு பார்க்கச் சம்மதம் என்று இவர் சொன்ன அன்றுதான் அந்த அம்மா கஞ்சி குடித்தார்.

"அவங்களுக்குத் தெரியுமா?" என்றேன்.

"லீவுக்குப் போறேன்னு மட்டும் சொல்லிட்டு வந்தேன்."

மார்த்தாவின் அப்பா முதலிலேயே அவளை எச்சரித்தாராம். இந்த ஆசியாக்காரப் பையன்களெல்லாம் இங்கே இருக்கிற வரைக்கும்தான் உன்னோடு, ஊருக்குப் போனால் அம்மா காட்டுகிற பெண்ணைக் கட்டிக்கொள்வார்கள் என்று. "நான் அவருகிட்ட சண்டை போட்டேங்க. எங்களைப் பத்தி என்ன தெரியும் உங்களுக்குன்னு கத்துனேன்."

பிறகு, "கல்யாணம் ஆயிட்டா உங்களுக்கு உண்மையா இருப்பேன்" என்றார்.

இருப்பார். அதுதான் எனக்கு ரொம்ப வலித்தது. பொய் சொல்கிற ஆள் இல்லை.

ஜனவரி 28, புதன்

தூக்கம் இல்லை. மில்லில் ஒரு லோடுக்குத் தப்பாக எழுதி, அடித்து எழுதினேன்.

அம்மாவிடம் சொன்னேன். அவள் அடுப்பை அணைத்துவிட்டுத் திரும்பி, "ஏண்டி கேட்ட?" என்றாள். இவ்வளவுதான். அவர் மேல் கோபம் இல்லை. என் மேல்தான்.

அத்தைக்கு எப்படியோ மூக்கில் வேர்த்துவிட்டது, சாயந்திரம் ஆஜர். "அட, வெள்ளைக்காரிங்களுக்கு இதெல்லாம் சட்டை மாத்துற மாதிரிடி. இவன் போனா நாளைக்கே இன்னொருத்தன். அவ அழுவான்னா நினைக்கிற?"

எனக்கு வந்த கோபத்துக்கு, "நீங்க போய்ப் பாத்தீங்களா அத்தை?" என்றேன். "பெரியவங்களை எதுத்துப் பேசாத" என்று அம்மா என் வாயை அடைத்தாள். அப்பாவுக்கு எதுவும் சொல்லவில்லை. அவர் கொல்லையில் வாழையிலை நறுக்க அளவு பார்த்துக்கொண்டிருந்தார், பாவம்.

எனக்குள்ளேயே ஒருத்தி பேசுகிறாள். உனக்கென்ன வந்தது, அவளை நீ பார்த்தாயா, அவளா உனக்குச் சோறு போடப்போகிறாள்? இதைவிட்டால் உனக்கு அடுத்தது எப்போது? இவர் நல்லவர், உனக்குப் பிடித்தவர். வாயை மூடிக்கொண்டு மஞ்சள் சேலையைக் கட்டு.

இதைச் சொல்கிற குரல் அத்தையுடையது போலவே இருக்கிறது.

ஜனவரி 29, வியாழன்

மேகம். மழை வந்தால் அறுவடை கெட்டது. வரவில்லை.

மார்த்தாவின் போட்டோ அனுப்பச் சொல்லி அவருக்கு மெசேஜ் போட்டேன். ஒன்று வந்தது.

எல்லோர் வாயிலும் இருக்கிற வெள்ளைக்காரி அதில் இல்லை. நாற்பதை நெருங்குகிற ஒரு பெண். முடியை அள்ளி முடிந்திருக்கிறாள். கண்ணுக்குக் கீழே கருமை, விடியுமுன்னே பேக்கரிக்குப் போவாளாக இருக்கும். மேஜையில் இரண்டு தட்டு. தட்டில் சோறு, மேலே மஞ்சளாக ஏதோ சாம்பார் மாதிரி. இவருக்காகச் சமைத்திருக்கிறாள். சோறு குழைந்து கிடக்கிறது. தண்ணீர் அதிகம் வைத்திருக்கிறாள், பக்கத்தில் சொல்லிக்கொடுக்க யாரும் இல்லை போல. கேமராவைப் பார்த்து, சரியாக வந்திருக்கிறதா என்று கேட்கிற முகம்.

அந்தக் குழைந்த சோற்றைப் பார்த்துத்தான் அழுகை வந்தது. மில் பாத்ரூமில் முகம் கழுவிக்கொண்டு வந்தேன்.

நாளைக்கு: பொன்னி அரிசி, பருப்பு, நெய், சாம்பார், வத்தக்குழம்பு, ரசம், அவரைக்காய்ப் பொரியல், உருளை வறுவல், அப்பளம், வடை, பாயசம், தயிர். உருளை வேண்டாம் என்றேன். ஏன் என்று அம்மா கேட்டாள். ஒன்றுமில்லை என்றேன்.

ஜனவரி 30, வெள்ளி

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

சோறு நான்தான் வடித்தேன். பன்னிரண்டு தாண்டி வேன் வந்தது. அவர், அவர் அம்மா, மாமா, மாமி. தாம்பாளத்தில் பூ, பழம், மாம்பழ மஞ்சளில் சேலை. அந்த அம்மா முகத்தில் இன்று ஒரு தெளிச்சி. என் கன்னத்தைத் தொட்டு, "எம் மவன் இனிமே வீட்டுச் சோறு சாப்பிடுவான்" என்றார்.

இலை போட்டாயிற்று. "தேனு, மாப்பிள்ளைக்குக் கை கழுவத் தண்ணி குடும்மா" என்றார் அப்பா. அவர் மாப்பிள்ளை என்று சொன்னது இதுதான் முதல் தடவை.

கொல்லை வாசல். கையில் செம்பு. இளங்கோ வந்து குனிந்து இரண்டு கையையும் நீட்டினார். முகத்தைப் பார்க்கவில்லை. கை மட்டும் தெரிந்தது. நான் செம்பைச் சாய்க்கவில்லை.

"சாப்பிடாம போங்க" என்றேன். மெதுவாகத்தான்.

இந்த வீட்டில் யாரும் யாரிடமும் சொல்லாத வார்த்தை. நெல் ஏற்ற வருகிற லாரி டிரைவரைக்கூட அப்பா சாப்பிடாமல் அனுப்பியதில்லை.

அவர் நிமிர்ந்து பார்த்தார். ஈரமே படாத கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார். கூடத்துக்குப் போனார். நான் சொன்னதாகச் சொல்லிவிடுவார் என்று நினைத்தேன். சொல்லியிருந்தால் தப்பில்லை. அவர் சொன்னது: "மன்னிச்சுக்குங்க ஐயா. எனக்கு அங்க ஒருத்தங்க இருக்காங்க. அவங்களை விட்டுட்டு இங்க உக்காந்து சாப்பிட முடியாது. உங்க பொண்ணு மேல ஒரு குறையும் இல்ல."

முதலில் வாய் திறந்தது அத்தை. "இதையெல்லாம் சாப்பிட்டுட்டுப் பேசக் கூடாதா!"

அந்த அம்மா கத்தவில்லை. இலையைப் பார்த்தார். மகனைப் பார்த்தார். எழுந்து நேராக வேனுக்குப் போய் உட்கார்ந்துவிட்டார். அப்பா துண்டைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே ஓடினார். "அம்மா, ஒரு வாய் தண்ணியாவது குடிச்சிட்டுப் போங்கம்மா." அந்த அம்மா வேன் கண்ணாடியை ஏற்றிவிட்டார். மறுபடி பட்டினி கிடப்பாரோ என்னவோ. அந்தப் பாவம் எனக்கும் உண்டு.

பூவும் சேலையும் தாம்பாளத்தோடு போய்விட்டன. என்னை ஒரு தரம் பார்த்துக் கைகூப்பிவிட்டு அவரும் ஏறிக்கொண்டார்.

அம்மா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துவிட்டாள். அத்தை யாருக்கோ போனில் சொல்லிக்கொண்டிருந்தாள், "நாங்கதாங்க வேண்டாம்னுட்டோம்." கூடத்தில் இலைகள் அப்படியே. அப்பா வெகுநேரம் நின்றார். பிறகு கொல்லைக்கு வந்தார். செம்பு இன்னும் என் கையில் நிறைய இருந்தது.

செம்பைப் பார்த்ததுமே, போகச் சொன்னது நான்தான் என்று அவருக்குப் புரிந்துவிட்டது. இரண்டு கையையும் நீட்டினார்.

"ஊத்தும்மா."

ஊற்றினேன். எனக்கும் ஒரு இலை போடச் சொன்னார். பக்கத்தில் உட்கார்ந்தேன். சோறு ஒன்றோடொன்று ஒட்டாமல், பதமாக வெந்திருந்தது. பிடித்தவருக்கு என்று வடித்தது. அழுதுகொண்டே சாப்பிட்டேன். அப்பா என் இலையில் இன்னும் கொஞ்சம் நெய் விட்டார்.