பத்திரிகை வைக்கப் போன வீடு

ஆகஸ்ட் 19, செவ்வாய்
காற்று. மலைப் பக்கம் மேகம். ஸ்ரீவில்லிபுத்தூருக்கு ஒரு சொட்டு இல்லை. மகள் கல்யாணத்துக்கு ஒன்பது நாள். பந்தல்காரர், வாழையிலை, மீதிப் பத்திரிகை இருபது.

காலை பஸ்ஸில் ராஜபாளையம், டிரஸ்ட் அறை. வீட்டில் அடி வாங்கும் ஆண்கள் கூப்பிடுகிற போன் என் பொறுப்பு. மு. கூப்பிடவில்லை. ஆறாவது நாள். (முழுப் பெயர் இங்கேயும் எழுத மாட்டேன்.) பதினேழு வருஷம் ராணுவம். போன மாதம் வந்து தோளைக் காட்டினார். இஸ்திரிப் பெட்டிச் சூடு. மனைவி வைத்தது.

"பட்டாளத்துக்காரன் பொண்டாட்டிட்ட அடி வாங்குதான்னா எவன் சார் நம்புவான்? நான் கைய வச்சா நான்தான் உள்ள போவேன்."

ஏட்டாக இருந்த காலத்தில் இப்படி வந்தவர்களைச் சிரித்தே திருப்பி அனுப்பியிருக்கிறேன். வெட்கமாக இருக்கிறது.

டிரஸ்ட் நடத்தும் டீச்சர் கண்டிப்பு: "அவங்களா கூப்பிடணும். வீட்டுக்கு யாரும் போகக் கூடாது."

ஆகஸ்ட் 21, வியாழன்
எட்டாவது நாள். அவர் போன் சுவிட்ச் ஆஃப். பொறுக்கவில்லை. அவர் வீட்டுக்கே போய்விட்டேன்.

தாம்பாளம், பத்திரிகை, குங்குமம், கூட என் மனைவி. பத்திரிகையோடு வந்தவர்களை யாரும் வாசலோடு அனுப்ப மாட்டார்கள். புருஷன், பெண்டாட்டி சேர்ந்து நின்றுதான் வாங்க வேண்டும். உயிரோடு இருக்கிறாரா என்று பார்த்துவிடலாம்.

கதவைத் திறந்த மு.வின் மனைவியிடம் மிலிட்டரி கேன்டீன் பழக்கம் என்று சொன்னேன். அந்தம்மா நல்ல சிரிப்பு. காபி. "ஏங்க, உங்க சிநேகிதரு வந்திருக்காக."

வந்தார். பாதியாகியிருந்தார். கண்ணுக்குக் கீழே கன்றிப்போய் இருந்தது.

"பாத்ரூம்ல வழுக்கிட்டாக," என்றார் அந்தம்மா, நான் கேட்காமலே. மு. தரையைப் பார்த்தபடி தாம்பாளத்தைத் தொட்டார்.

பஸ் ஏறியதும் மனைவி: "பத்திரிகையில நம்ம அட்ரஸ், போன் நம்பர் அம்புட்டும் இருக்கே. யோசிச்சீயளா?"

யோசிக்கவில்லை. போலீஸ்காரனாம்!

ஆகஸ்ட் 23, சனி
ஒன்பது மணிக்கு அந்தம்மா போன். "அண்ணே, கேன்டீன்ல விசாரிச்சேன். உங்கள ஒருத்தருக்கும் தெரியலையே?"

ஏதோ உளறினேன்.

"சரி, கல்யாணத்துக்கு வாரோம். அங்க வச்சுப் பேசிக்கிடுவோம்."

குரலில் கோபமே இல்லை. அதுதான் பயம். டீச்சரிடம் சொன்னேன். திட்டினார், வாங்கிக்கொண்டேன். கடைசியில், "மண்டபத்துக்குப் பின்னால கார் அனுப்புறேன். டிரஸ்ட்ல தங்க ரூம் இருக்கு. அவரைக் கட்டாயப்படுத்தாதீங்க. கேளுங்க, அம்புட்டுதான்."

என்னால் இன்று அவருக்கு எத்தனை அடி?

ஆகஸ்ட் 28, வியாழன்
தாலி கட்டியாயிற்று. மகளைக் கண் நிறையப் பார்க்கவில்லை. கண் வாசலிலேயே.

எட்டரைக்கு வந்தார்கள். பட்டுச்சேலை, அரை அடி பின்னால் மு. பந்தியில் அவரைப் பக்கத்திலேயே உட்காரவைத்தார் அந்தம்மா. சாம்பார் வாளியை நான் வாங்கிக்கொண்டேன், குனிந்து ஊற்றும்போது காதில் கேட்கலாம் என்று. அந்தம்மா விடவில்லை.

"என்னண்ணே ரகசியம்? எல்லாரும் கேக்கட்டும், சத்தமாச் சொல்லுங்க."

பந்தியே திரும்பியது. எதிர் வரிசையில் சம்பந்தி வீட்டார். வாளியைக் கீழே வைத்தேன்.

மு. இலையை மூடினார். "நான்தான் இவியளுக்கு போன் போட்டு அழுதேன். இனிமே வீட்டுக்கு வரல."

எழுந்தார். அந்தம்மா அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். நகம் பதிந்தது. அவர் உதறவில்லை. உதறினால் பெண்டாட்டி மேல் கை வைத்தான் என்பதற்கு அத்தனை பேர் சாட்சியாகிவிடுவார்கள். நானும் தொட முடியாது. சிலை போல நிற்கிறோம் இரண்டு ஆண்கள்.

என் மனைவிதான் வந்தாள். அந்த விரல்களை ஒவ்வொன்றாக விலக்கினாள்.

பின்வாசலில் மு.வை ஏற்றிக்கொண்டு கார் போய்விட்டது. சம்பந்தி முகம் கொடுத்துப் பேசவில்லை. போகட்டும்.

பதினோரு மணிக்கு டீச்சர் போன்: "வந்து சேந்துட்டாரு. ரூம உள்பக்கம் தாழ்ப்பாள் போட்டுக்கிடலாமான்னு கேக்காரு."