முதலில் சந்தனம்

7 ஜூன் 1931, ராயப்பேட்டை

கடைசியில் எனக்குப் பிடிபட்டுவிட்டது! மூன்று அத்தரையும் ஒரே சீசாவில் கலந்ததுதான் தப்பு. வெறும் தலைவலிதான் மிச்சம். குளித்த ஈரம் காயும் முன் மணிக்கட்டில் சந்தன அத்தர். அது காய்ந்த பிறகு பிடரியில் வெட்டிவேர். எல்லாம் முடிந்த பிறகு ரோஜா அத்தர் தொட்ட பஞ்சைக் காதுமடலில் செருகினால் போதும். ஒன்றின்மேல் ஒன்று ஏறி, புதிதாக ஒரு வாசனை எழும்புகிறது. எந்தக் கடையிலும் கிடைக்காது. என்னுடையது.

என் வீட்டுக்காரர் முகர்ந்து பார்த்துச் சிரித்தார். "தெருக்கோடியிலயே தெரிஞ்சிடுது ஜஹீதா, நீ வூட்ல கீறேன்னு." குல்சும் என் கழுத்தில் மூக்கைத் தேய்த்துக்கொண்டே தூங்கிப்போனாள். இரண்டு வயது ஆகப்போகிறது, தூங்க இன்னும் என் கழுத்துதான் வேண்டும்.

3 ஜூலை

நேற்று அவர் மௌத்தாகிவிட்டார். டைபாய்டு காய்ச்சல். எழுத வரவில்லை.

19 ஜூலை

இத்தாவில் இருக்கிறேன். புருஷனை இழந்தவள் நாலு மாதம் பத்து நாள் வீட்டோடு இருக்க வேண்டும். கண்ணுக்குச் சுர்மா இல்லை, பூ இல்லை, அத்தர் இல்லை. அதெல்லாம் இப்போது யாருக்கு வேண்டும்?

ஆனால் குல்சும் என்னிடம் வரமாட்டேன் என்கிறாள். தூக்கினால் கழுத்தில் முகத்தைப் புதைக்கிறாள், முகர்ந்து பார்க்கிறாள், உடனே வீறிட்டு அழுகிறாள். யாரோ வேற்று ஆள் தூக்கிவிட்ட மாதிரி. அடியே, உன் அம்மாடி நான்! அவரும் போய், நீயும் போனால் எனக்கு யார் இருக்கிறார்கள்?

9 ஆகஸ்ட்

மத்தியானம் கூடத்தில் என் வாசனை. என் வாசனை! ஓடிப்போய்ப் பார்த்தால் வஜீஹா — அவர் தங்கச்சி, குல்சுமுக்குக் குப்பி — என் அத்தர்ப் பெட்டியைத் திறந்து பூசிக்கொண்டு நிற்கிறாள். அண்ணன் போய் இன்னும் கண்ணீர்கூடக் காயவில்லை, என்ன திமிர்! அதிலும் ரோஜாவை முதலில் பூசியிருக்கிறாள், கழுதை.

"எடுத்த எடத்துல வெச்சிடு, வெட்கங்கெட்டவளே" என்று கத்திவிட்டேன். அவளைப் பெற்றவர், என் மாமியும் தன் பங்குக்குக் கரித்துக் கொட்டினார். "அண்ணன் மையித்து போன வூட்ல இன்னாடி உனக்கு மினுக்கு?" வஜீஹா பெட்டியை மூடி வைத்தாள். தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டாள்.

10 ஆகஸ்ட்

குல்சும் இன்று மத்தியானம் தூங்கவே இல்லை. அழுது அழுது தொண்டை கட்டிவிட்டது. அப்புறம்தான் வஜீஹா வாயைத் திறந்தாள்.

"அண்ணி, ஒரு வாரமா அத்தர் பூசிக்கினாத்தான் குல்லு எங்கிட்ட தூங்குது. உங்க வாசனைன்னு நெனச்சிக்குது. அது தூங்கினதும் கழுவிடுவேன். எனக்காவா பூசிக்கினேன்?"

என் நாக்கில் சூடு போட வேண்டும். பெட்டியை அவள் பக்கம் நகர்த்தினேன். சீசாக்களை நான் தொடவில்லை, வாயால் மட்டும் சொன்னேன். "முதல்ல சந்தனம். ஈரம் காயறதுக்குள்ள பூசு. காஞ்சப்புறம் பிடரியில வெட்டிவேர். ரோஜா கடைசி."

சரியாக அதே வாசனை எழும்பியது. குழந்தை அவள் கழுத்தில் மூக்கைத் தேய்த்துத் தூங்கியது. எனக்கு நிம்மதியாகவும் இருந்தது, வயிறும் எரிந்தது. என் பிள்ளையை நானே இன்னொருத்திக்குக் கொடுக்கிறேனா?

23 செப்டம்பர்

குல்சுமுக்குச் சளி. மூக்கு அடைத்துக்கொண்டு ஒழுகுகிறது. வஜீஹா என்ன பூசினாலும் அவளுக்குத் தெரியவில்லை, அழுகைதான். கடைசியில் தானாகவே தத்தித் தத்தி வந்து என் மடியில் ஏறிப் படுத்தாள். என் புடவையெல்லாம் சளி. அல்ஹம்துலில்லாஹ்!

30 செப்டம்பர்

சளி விட்டுவிட்டது. இன்றும் என்னிடமே வந்தாள்! முகர்ந்தாள். அழவில்லை. வஜீஹா சிரித்தாள். "இன்னா அண்ணி, எனக்கு வேலை பூட்ச்சா?" நீ பூசிக்கொள்வதை விடாதே, உனக்குத்தான் எவ்வளவு எடுப்பாக இருக்கிறது என்றேன். மாமிக்கும் நானே சொல்லிச் சமாதானம் செய்தேன்.

8 நவம்பர்

நேற்றோடு இத்தா முடிந்தது. வெளியே நல்ல மழை. குளித்துவிட்டுப் பெட்டியைத் திறந்தேன். சந்தனம். வெட்டிவேர். ரோஜா. ஒரு குறையும் இல்லை. இப்போதே தெருக்கோடியிலிருந்து அவர் வந்துவிடுவார் போலிருந்தது. ஓவென்று அழுதேன்.

பிறகு குல்சுமைத் தூக்கினேன். கழுத்தில் மூக்கை வைத்தாள். "குப்பி" என்றாள். நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தாள், மறுபடி முகர்ந்தாள். உதடு பிதுங்கியது. "அம்மா வேணும்."

"நான்தாண்டி அம்மா!"

கேட்கவில்லை. திமிறிக்கொண்டு இறங்கிவிட்டாள்.

கிணற்றடிக்குப் போய்ப் பயத்தமாவு போட்டு மணிக்கட்டையும் பிடரியையும் தேய்த்துத் தேய்த்துக் கழுவினேன். பஞ்சை எறிந்தேன். ஈரக் கழுத்தோடு வந்து உட்கார்ந்தேன். தயங்கித் தயங்கி வந்தாள். முகர்ந்தாள். "அம்மா" என்று சொல்லிவிட்டு மூக்கைத் தேய்க்க ஆரம்பித்தாள்.

சாயங்காலம் அத்தர்ப் பெட்டியை வஜீஹாவிடம் கொடுத்தேன். அடுத்த மாதம் அவளைப் பெண் பார்க்க வருகிறார்கள். "ஐயோ அண்ணி, இது உங்க வாசனையாச்சே" என்றாள். இனிமேல் உன்னுடையதுதான் என்றேன். ரோஜாவை முதலில் பூசினால் கொன்றுவிடுவேன் என்றும் சொன்னேன்.