உன் கேம் பெட்டிகளைச் சுவரில் அறைந்துவிட்டார்கள், ரகு

என் ரகுக் கண்ணா,

நீ போய் வருஷம் ஒன்று ஆகப்போகிறது. இத்தனை நாளும் மனசுக்குள்ளேயே உன்னோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தேன். இன்றைக்கு எழுதியே விடுவது என்று உட்கார்ந்துவிட்டேன். நாலு பேர் படித்தாலும் படிக்கட்டும்.

முதல் கோபம் உன்மேல்தான். நெஞ்சை என்னவோ அழுத்துகிறது என்று ஆபீஸில் யாரிடமோ சொன்னாயாமே? எங்களிடம் சொல்ல என்னடா கேடு? பழைய கேம் பெட்டி ஒன்று லேசாக இரைந்தால் போதும், மேஜையில் மல்லாத்திப் போட்டு உள்ளே இருப்பதையெல்லாம் கழற்றிப் பார்த்துவிட்டுத்தான் சாப்பிட வருவாய். உன்னை ஒரு டாக்டர் பார்க்கட்டும் என்று தோன்றவே இல்லையா?

சரி. அந்தச் சண்டையை உன்னிடம் போட்டு இனி என்ன ஆகப்போகிறது. இது முரளியைப் பற்றி.

நம் மூன்று பேரில் நடுவில் பிறந்தவன். உனக்கு அண்ணன், எனக்குத் தம்பி. உன்னை என்னவெல்லாம் பேசினான் என்று எனக்கு மறக்கவில்லை. அப்பா சின்ன வயசில் வாங்கித் தந்த டிவி கேமை நீ கடைசிவரை தூக்கிப் போடவில்லை. ஆயிரம் விளையாட்டு என்று அட்டையில் போட்டிருக்கும், உள்ளே ஒரு பத்துதான் இருக்கும், அதுவே பேர் மாறி மாறி வரும். அந்த மஞ்சள் கேசட்டைக்கூட வைத்திருந்தாய். சம்பாதிக்க ஆரம்பித்த பிறகு, மைசூரில் யார் வீட்டுப் பரணிலிருந்து எந்தப் பழைய பெட்டி இறங்கினாலும் அது உன் ஸ்கூட்டரில் ஏறி நம் அக்ரஹாரத்து வீட்டுக்கு வந்துவிடும். "வீடா இது, குஜரிக் கடையா? பழைய சாமான் வாங்கறவனே இதையெல்லாம் தொட மாட்டான்" என்று முரளி வாசலில் நின்று தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்துவான். சொந்தக்காரர்கள் கூடினால், "எங்க ரகுவுக்கு உடம்புதான் வளந்துச்சு" என்று சிரிப்பான். நீயும் கூடவே சிரிப்பாய். எதற்குச் சிரித்தாய்? ஒரு தடவையாவது திருப்பிக் கேட்டிருக்கக் கூடாதா?

அம்மாவுக்குப் பக்கவாதம் வந்து இடது கை விழுந்தபோது முரளி ஒரு பழக்கூடையோடு வந்து பார்த்துவிட்டுப் போனான். பிசியோதெரபி பெண் பிசையச் சொல்லிக் கொடுத்த ரப்பர் பந்தை அம்மா ஜன்னல் வழியாக வீசிவிட்டாள். நீதான் மாடியிலிருந்து ஒரு பெட்டியையும் அந்த டப்பா டிவியையும் கூடத்துக்கு இறக்கினாய். மேலிருந்து கட்டைகள் விழும், திருப்பித் திருப்பி அடுக்க வேண்டும், அந்த விளையாட்டு. அம்மாவின் விரல் வழுக்குகிறது என்று ஜாய்ஸ்டிக்கின் இடது பக்கப் பொத்தானைச் சுற்றி அவளுடைய பழைய ரவிக்கைத் துணியை ஒட்டிக் கொடுத்தாய். முதலில் அம்மா உன்னைத் திட்டினாள். அப்புறம் கட்டைகளைத் திட்ட ஆரம்பித்தாள். "நீட்டுக் கட்டை எங்கடா போய்த் தொலஞ்சுது? வேணும்ங்கறப்போ வராதே!" மறுபடி அந்தக் கையால் அவள் காபி டம்ளரைத் தூக்கியபோது டாக்டர் மருந்தைப் புகழ்ந்தார். நீ பாட்டுக்கு மாடிக்குப் போய்விட்டாய்.

உன் காரியம் முடிந்ததும் அம்மா சாப்பாட்டில் கை வைக்கவே இல்லை. கொள்ளேகாலத்தில் சித்தி வீட்டில் கொஞ்ச நாள் இருக்கட்டும் என்று கூட்டிப் போனேன். வீட்டுச் சாவி ஒன்று முரளியிடம் எப்போதும் உண்டு. திரும்பி வந்து கதவைத் திறந்தால் உன் மாடி அறை காலி. வயர், கேசட் ஒன்று விடாமல் துடைத்து எடுத்திருந்தான். கூடத்தில் இருந்த அம்மாவின் பெட்டியும் இல்லை, டிவியும் இல்லை.

போன் பண்ணினேன். "பத்திரமா இருக்கு அக்கா. உங்களுக்கு ஒரு சர்ப்ரைஸ். கொஞ்சம் பொறுங்க" என்றான்.

"அம்மாவோடதையாவது கொண்டு வந்து குடுடா."

"அம்மாவுக்கு நான் புது டச் ஸ்கிரீன் டேப் வாங்கித் தரேன். அதுல இல்லாத கேமா?"

வாங்கியும் கொடுத்தான். அம்மா விரலை அந்தக் கண்ணாடியில் வைப்பாள், அது எங்கெங்கோ ஓடும். கீழே வைத்துவிட்டு, "இதுல அமுக்கறதுக்கு ஒண்ணுமே இல்லையேடி" என்பாள். கை மறுபடி மடியில் கிடக்கத் தொடங்கியது. நானும் கேட்டுக்கொண்டே இருந்தேன். இன்றைக்கு, நாளைக்கு என்று இழுத்தடித்தான்.

அப்புறம்தான் அழைப்பு வந்தது. வி.வி. மொஹல்லாவில் கஃபே திறக்கிறானாம். உனக்கு வருஷம்கூடத் திரும்பவில்லை ரகு.

போனோம். உள்ளே நுழைந்ததும் பெரிசாக உன் போட்டோ. "என் தம்பியின் கனவு" என்று கீழே எழுதியிருந்தது. சுவர் முழுக்க உன் பெட்டிகள். ஒவ்வொன்றின் நடுவிலும் டிரில்லிங் மிஷினால் ஓட்டை போட்டு, போல்ட் வைத்து முறுக்கியிருந்தான். பார்க்க அழகாக இருக்கட்டும் என்று சிலவற்றுக்கு ரோஸ் பெயிண்ட். ஜாய்ஸ்டிக்குகளை வயரை வெட்டிவிட்டு விளக்குக்குக் கீழே தொங்கவிட்டிருந்தான். அந்த டப்பா டிவியின் குடலைப் பிடுங்கிப்போட்டு உள்ளே செடி வளர்த்திருந்தான்.

நீ ஒவ்வொன்றையும் ஓட வைத்தாயே. ஓடாததை வைத்துக்கொண்டால் அது சும்மா பிளாஸ்டிக் அக்கா என்பாயே.

அம்மா என் கையை விட்டுவிட்டுச் சுவர் ஓரமாகவே நடந்தாள். ஒரு விளக்குக்குக் கீழே நின்றாள். கையை மேலே நீட்டி, தொங்கிக்கொண்டிருந்ததைத் தடவினாள். ரவிக்கைத் துணி. அங்கே பரிமாறுகிற பையன் ஓடி வந்து, "அஜ்ஜி, முட்டபேடி. அது ஷோவுக்கு வெச்சது" என்றான். அவன்மேல் தப்பில்லை. தொடாதே என்று அவனுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள்.

அம்மா சொன்னாள்: "இது என்னுது."

அந்த நேரம் பார்த்து முரளி மைக்கில் பேசிக்கொண்டிருந்தான். சின்ன வயசில் நீயும் அவனும் ஒன்றாக உட்கார்ந்து விளையாடினீர்களாம். உன் ஆசையை முதலில் புரிந்துகொண்டது அவனாம். எல்லாரும் கை தட்டினார்கள். பின்பக்கம் ஸ்பீக்கரைச் சரி பண்ணிக்கொண்டிருந்த எலெக்ட்ரீஷியனிடம் போய், "ஸ்பேனர், ஸ்க்ரூ டிரைவர் எது இருந்தாலும் குடுங்க" என்று கேட்டேன். முதலாளியின் அக்கா என்று தெரிந்து கொடுத்துவிட்டார். நாற்காலி போட்டு ஏறினேன். அம்மாவின் பெட்டியிலிருந்த போல்ட்டைக் கழற்ற ஆரம்பித்தேன்.

முரளி மைக்கை அப்படியே போட்டுவிட்டு ஓடி வந்தான். "அக்கா, என்ன பண்றீங்க? எல்லாரும் பாக்கறாங்க."

"பாக்கட்டும். குஜரிக் கடைன்னு சொன்னப்போவும் தெருவே பாத்துச்சு."

"அவனே போயிட்டான். இனிமே இதையெல்லாம் யாரு தொடப்போறாங்க? மாடியில கிடந்து மக்கறதுக்கு, இங்க இருந்தா அவன் பேரைச் சொல்லி நாலு பேர் பாப்பாங்கல்ல?"

"அம்மா தொட்டுட்டிருந்தாடா! தினமும் தொட்டுட்டிருந்தா! அவ கையில இருந்து பிடுங்கித்தான் ஓட்டை போட்டே."

அவன் முகம் மாறியது. குரல் இறங்கிவிட்டது. "எனக்கும் அவன் தம்பிதான் அக்கா. ஒரு நாளாவது என்னை மேல வாடான்னு கூப்பிட்டானா? அந்த ரூமுக்குள்ள நான் காலை வெச்சதே அவன் போனப்புறம்தான்."

நீ கூப்பிட்டாயா ரகு? கூப்பிடவே இல்லையா? அவன் பேசின பேச்சுக்கு எப்படிக் கூப்பிடுவாய் என்று ஒரு பக்கம் தோன்றுகிறது. எனக்கு நிஜமாகவே தெரியவில்லை. அந்தக் கேள்விக்காக என் கை நிற்கவில்லை. பெட்டியைக் கழற்றினேன். விளக்கிலிருந்து ஜாய்ஸ்டிக்கை அறுத்தேன். சுவரில் மாட்ட இடமில்லாமல் ஸ்டோர் ரூமில் மூட்டையாகக் கட்டிப் போட்டிருந்ததையும் கேட்டேன். தரமாட்டேன் என்று அவன் சொல்லவில்லை. ஆட்டோவில் எங்களுக்கு உட்கார இடமே இல்லை, மூட்டைகளை மடியில் வைத்துக்கொண்டு வந்தோம்.

அம்மாவின் பெட்டி பிழைக்கவில்லை. டிரில் நேராக உள்ளே இருந்த சர்க்யூட் போர்டில் இறங்கியிருந்தது. உன் மேஜையில் அதை வைத்துக்கொண்டு வாய்விட்டுக் கத்தினேன். அடுத்த வீட்டுக்காரம்மா வந்து எட்டிப் பார்த்தாள். மூட்டையில் அதே ஜாதிப் பெட்டி இன்னொன்று இருந்தது. தேவராஜ மொஹல்லாவில் ரேடியோ ரிப்பேர் கடை ஒன்றில் ஜாய்ஸ்டிக் வயரை ஒட்டுப்போட்டு வாங்கினேன். டப்பா டிவிக்கு அலைந்ததுதான் பெரும்பாடு. கடைசியில் ஒரு கல்யாண மண்டபத்துக் கிடங்கில் கிடைத்தது. தூக்கிக்கொண்டு போனால் போதும் என்றார்கள். கேசட்டைப் போட்டேன், ஒன்றும் வரவில்லை. எடுத்து ஊதினேன், மறுபடி போட்டேன். கட்டை விழுந்தது. அம்மா, "நகரு, மறைக்காதே" என்றாள். கண்ணைத் துடைக்கக்கூட விடவில்லை.

அவள் கை இப்போது பரவாயில்லை. முன்போல வேகம் இல்லை. ஆனால் அசைகிறது.

போன ஞாயிற்றுக்கிழமை முரளி வந்தான். செருப்பைக் கழற்றிவிட்டு வாசல்படியிலேயே நின்றான். நான் வா என்று சொல்லவில்லை. அம்மா திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் இன்னொரு ஜாய்ஸ்டிக்கைக் காலால் அவன் பக்கம் தள்ளினாள். "உக்காரு. உனக்கு ஆடத் தெரியாதுன்னு தெரியும்." உட்கார்ந்தான். தோற்றான், மறுபடி தோற்றான். அம்மா அவனை வாய்க்கு வந்தபடி திட்டினாள். நான் உள்ளே போய்விட்டேன். அவனுக்குக் காபி போடவில்லை. மூன்று டம்ளர் எடுத்து வைத்து, ஒன்றைத் திரும்ப அலமாரியில் கவிழ்த்தேன். அவன் இருட்டும்வரை இருந்தான்.

உனக்கு ஒரு சத்தியம் பண்ணுகிறேன் ரகு. மிச்சமிருக்கிற பெட்டிகளை ஒவ்வொன்றாக ஓட வைப்பேன். தெரியாததைக் கற்றுக்கொள்வேன். ஓடாத ஒன்றையும் உன் பேர் சொல்லி யாரும் சுவரில் மாட்ட விடமாட்டேன். முரளியை மன்னிக்கச் சொல்லி மட்டும் என் கனவில் வந்து நிற்காதே. அடுத்த ஞாயிறு அவன் வந்தால் வாசல் கதவு திறந்திருக்கும், அவ்வளவுதான் என்னால் முடியும்.

உன்மேலும் கோபம் தீராத,
உன் அக்கா வசந்தா