திருடனும் போடும் "ங்க"

பெரியநாயக்கன்பாளையம்,
ஆகஸ்ட் 1999

அன்புள்ள என் வீட்டுக்காரருக்கு,

பாப்பாவுக்குக் காய்ச்சல் விட்டுவிட்டது, பள்ளிக்கூடம் போகிறாள். எனக்குக் கம்பெனியில் ஓவர்டைம். நடுவில் இந்த வாரப் படக்கதையையும் வரைந்து, காந்திபுரம் பிரவுசிங் சென்டரில் ஸ்கேன் செய்து இன்டர்நெட்டில் போட்டுவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை சென்னையில் படக்கதை ரசிகர்கள் கூட்டம். என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். போய்விட்டு, திங்கட்கிழமை ரயிலை விட்டிறங்கி நேராக வேலைக்குப் போனேன். என் கதையில் திருடன் கத்தியை நீட்டி, "ஏனுங்க, நகையைக் கழட்டுங்க" என்கிறான் அல்லவா? அது தமாஷுக்கு எழுதியது என்று நினைத்திருக்கிறார்கள். "எங்கூர்ல திருடனும் அப்படித்தானுங்க பேசுவான்" என்றேன். அதற்கும் சிரித்தார்கள்.

ஒரு பெண் மட்டும், "எல்லார்கிட்டயும் 'ங்க' போடுற உங்க ஹீரோ, பொண்டாட்டிய மட்டும் 'வா அம்மணி, போ அம்மணி'ன்றாரே, ஏன்?" என்று கேட்டாள்.

"அவளுக்கும் 'ங்க' போட்டா அன்னியமாப் போயிருமுங்க" என்றேன்.

போன வாரம் மஸ்கட்டிலிருந்து போனில் பேசினீர்களே, முடிக்கும்போது என்னிடம் "சரிங்க, வெச்சர்றேனுங்க" என்றீர்கள். பக்கத்தில் யாராவது இருந்திருப்பார்கள்.

அடுத்த வாரக் கதையில், வெளிநாடு போன ஹீரோ வீட்டுக்கு போன் செய்கிறான். படமெல்லாம் வரைந்தாகிவிட்டது. அவன் பேச்சை எழுதும் பலூன் மட்டும் காலியாக இருக்கிறது. என்ன எழுதுவதென்று தெரியவில்லை, நீங்களே சொல்லுங்கள்.

"ங்க" இல்லாமல்.

அம்மணி